வட கடல் எண்ணெய்க்குப் பிறகு: ஸ்காட்லாந்தின் பசுமைத் தொழில் மாற்றம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பி வாழ்ந்த பகுதிகள் வேறு தொழிலுக்கு மாறுவது எப்படி என்ற விவாதம் பல நாடுகளில் நடந்துவருகிறது. அதைப் பொதுப்படையாகப் பேசுவதைவிட, மாற்றம் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்ட ஓர் இடத்தைக் கூர்ந்து பார்ப்பது கூடுதல் பயன் தரும். ஆகவே கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் அபர்டீன், கிரேஞ்ச்மவுத், ஷெட்லாந்து ஆகிய இடங்களைப் பற்றியவை.

ஸ்காட்லாந்து எண்ணெயை எந்த அளவுக்குச் சார்ந்திருந்தது?

1970 அக்டோபரில் அபர்டீனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 177 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயலை பி.பி. நிறுவனம் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு ஷெல் நிறுவனம் பிரென்ட் வயலைக் கண்டுபிடித்தது; கச்சா எண்ணெயின் உலக விலையைச் சொல்லும்போது இன்றும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறோம். அதுவரை மீன்பிடி, கருங்கல், காகிதம், கப்பல் கட்டுதல் என்று வாழ்ந்த அபர்டீன், ஓரிரு பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் எண்ணெய்த் தலைநகரமாயிற்று. ஃபோர்ட்டீஸ் எண்ணெய் க்ரூடன் பே என்னும் கடற்கரைச் சிற்றூரில் கரையேறி, அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியாகத் தெற்கே கிரேஞ்ச்மவுத் வரை செல்கிறது. வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் சல்லம் வோ எண்ணெய் முனையம் எழுந்தது. இந்த மூன்று இடங்களிலும் எண்ணெய் என்பது கிணற்றில் வேலை செய்பவரோடு நிற்கவில்லை. வெல்டர், பைப் ஃபிட்டர், ஹெலிகாப்டர் விமானி, படகுக்காரர், சமையல்காரர், விடுதி நடத்துபவர் என்று ஊரில் பாதிப்பேரின் சம்பளம் ஏதோ ஒரு வழியில் கடலிலிருந்துதான் வந்தது.

உற்பத்தி குறைவதற்குக் காலநிலைக் கொள்கைதான் காரணமா?

முதன்மைக் காரணம் நிலவியல். பிரிட்டனின் கடற்பரப்பில் எண்ணெய், எரிவாயு உற்பத்தி 1999-இல் உச்சத்தைத் தொட்டது. எரிவாயுவையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்தால் அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 லட்சம் பீப்பாய் கிடைத்தது. இன்று அதில் நான்கில் ஒரு பங்கு அளவே கிடைக்கிறது. பெரிய வயல்கள் வற்றிவிட்டன. எஞ்சியவை சிறியவை, எடுப்பதற்குச் செலவு மிகுந்தவை.

இரண்டாவது காரணம் விலை. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற பிரென்ட் எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்தச் சரிவில் அபர்டீனில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வீட்டு விலைகள் விழுந்தன. காற்றாலைகளும் காலநிலைச் சட்டங்களும் வேலையைப் பறித்தன என்று பேசுவோர் அந்த இரண்டு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

வரியும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. உக்ரைன் போருக்குப் பின் எரிபொருள் விலை ஏறியபோது, 2022 மே மாதத்தில் கூடுதல் இலாப வரி விதிக்கப்பட்டது. முதலில் 25 விழுக்காடாக இருந்த அது பின்னர் 35, அதன் பின்னர் 38 என உயர்ந்து, மற்ற வரிகளோடு சேர்ந்து மொத்தம் 78 விழுக்காடாயிற்று. நிறுவனங்கள் முதலீட்டை ஒத்திப்போடுவதற்கு இதைக் காரணமாகச் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வரியை நீக்கினாலும் 1999 திரும்பி வராது.

கிரேஞ்ச்மவுத்தில் நடந்தது என்ன?

மாற்றம் எப்படி நடக்கக் கூடாது என்பதை அறிய விரும்புவோர் கவனமாகப் படிக்க வேண்டிய ஊர் இது. 1924-இல் தொடங்கிய அதன் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 1,50,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. ஸ்காட்லாந்தில் இருந்த ஒரே சுத்திகரிப்பு ஆலையும் அதுவே. இனியோஸ் நிறுவனமும் சீனாவின் பெட்ரோசைனாவும் சேர்ந்து நடத்திய பெட்ரோஇனியோஸ் அதன் உரிமையாளர். 2023 நவம்பரில், ஆலையை நிறுத்தி அந்த இடத்தை எரிபொருள் இறக்குமதி முனையமாக மாற்றும் திட்டம் இருப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2024 செப்டம்பரில் அது உறுதியாயிற்று. ஆலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் இழப்பில் ஓடுகிறது என்றும், ஆசியாவிலும் மத்திய கிழக்கிலும் உள்ள புதிய, பெரிய ஆலைகளோடு போட்டியிட முடியவில்லை என்றும் நிறுவனம் சொன்னது. 2025 ஏப்ரல் 29 அன்று கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நின்றது. 400-க்கும் மேற்பட்ட நேரடி வேலைகள் போயின. ஒப்பந்தக்காரர்களும் சுற்றுவட்டக் கடைகளும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

மாற்றுத் தொழில்களை ஆராய்வதற்கு பிரிட்டன் அரசும் ஸ்காட்லாந்து அரசும் பணம் கொடுத்து நடத்திய ஆய்வின் பெயர் ‘புராஜெக்ட் வில்லோ’. பிளாஸ்டிக் மறுசுழற்சி, உயிரி எத்தனால், தாவர எண்ணெயிலிருந்து விமான எரிபொருள், மெத்தனால், அம்மோனியா என ஒன்பது வழிகளை அது முன்வைத்தது. அவை அனைத்தும் நிறைவேற ஏறத்தாழ 350 கோடி பவுண்டு முதலீடு தேவைப்படும் என்றும், 2040-க்குள் 800 வேலைகள் வரை உருவாகலாம் என்றும் கணக்கிட்டது. இப்போது தேதிகளைப் பாருங்கள். அறிக்கை வெளியானது 2025 மார்ச்சில். ஆலை நின்றது ஏப்ரலில். மூடுவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. புதிய தொழில் எதற்கும் உரிமையாளரும் இல்லை, தொடக்க நாளும் இல்லை. 45 வயதில் வீட்டுக் கடனும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள ஓர் ஆலை இயக்குநர் 2040 வரை காத்திருக்க முடியாது. அவர் வேறு ஊருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். பிறகு புதிய ஆலை வந்தாலும் அதை இயக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்க மாட்டார்.

உமிழ்வுக் கணக்கிலும் இதனால் பெரிய பயன் இல்லை. ஸ்காட்லாந்தின் உமிழ்வுப் பட்டியலிலிருந்து ஓர் ஆலை நீங்கியது. ஆனால் கார்களும் லாரிகளும் அதே அளவு பெட்ரோலையும் டீசலையும் எரிக்கின்றன. அந்த எரிபொருள் இப்போது கப்பலில் வந்து இறங்குகிறது. தேவை குறையாமல் உற்பத்தியை மட்டும் இடம் மாற்றியதை நான் பசுமை மாற்றம் என்று ஏற்கவில்லை.

ஆலையை மூடாமலே வேறு எரிபொருளுக்கு மாற்றியிருக்க முடியாதா?

மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் எனி நிறுவனம் வெனிஸ் அருகே போர்ட்டோ மார்கேராவில் இருந்த தனது சுத்திகரிப்பு ஆலையை 2014-இல் உயிரி எரிபொருள் ஆலையாக மாற்றியது. சிசிலியில் ஜேலா ஆலையை 2019-இல் மாற்றியது. பழைய ஆலையின் தொட்டிகள், குழாய்கள், ஹைட்ரஜன் அலகுகள் ஆகியவற்றில் பலவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடிந்ததால் செலவு குறைந்தது. இத்தாலிய அரசு அந்த நிறுவனத்தில் பெரும் பங்குதாரராக இருப்பதும் இங்கே பொருட்படுத்த வேண்டிய செய்தி.

கிரேஞ்ச்மவுத்தில் தொழிற்சங்கம் கேட்டதும் இதைத்தான்: ஆலையை ஓடவிட்டுக்கொண்டே விமான எரிபொருளுக்கு மாற்றுங்கள் என்றது. பிரிட்டனில் விற்கப்படும் விமான எரிபொருளில் 2025-இல் 2 விழுக்காடும் 2030-இல் 10 விழுக்காடும் நிலைத்தகு எரிபொருளாக, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்காத எரிபொருளாக, இருக்க வேண்டும் என்று சட்டமே இருப்பதால், வாங்குபவருக்குக் குறையில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. உரிமையாளருக்கு விருப்பம் இல்லை. அதே சட்டம், பயன்படுத்திய எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிபொருளுக்கு உச்சவரம்பும் வைத்திருக்கிறது. மூலப்பொருள் உலகெங்கும் தட்டுப்பாடு என்பதால் அந்த வரம்புக்கு நியாயம் உண்டு. என்றாலும், ஒரு துறை வரம்பு வைக்க, இன்னொரு துறை மாற்றுத் தொழில் தேட, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் இயங்கின என்பதே என் கருத்து.

கடலில் நிற்கும் எண்ணெய் மேடையில் வேலை செய்தவர் காற்றாலை வேலைக்கு நேராக மாறிவிட முடியுமா?

திறமை என்று பார்த்தால் பெரும்பாலோரால் முடியும். பிரிட்டனின் எண்ணெய், எரிவாயுத் தொழிலாளரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் திறன்கள் பிற ஆற்றல் துறைகளுக்கு நடுத்தரமாகவோ மிக நன்றாகவோ பொருந்தும் என்று அபர்டீனின் ராபர்ட் கார்டன் பல்கலைக்கழகம் 2021-இல் மதிப்பிட்டது. இந்த எண்ணை அரசியல்வாதிகள் மேடைதோறும் சொல்கிறார்கள். பொருந்தும் என்பது வேலை கிடைத்துவிட்டது என்பதற்கு ஈடாகாது.

சான்றிதழ் ஒரு தொல்லை. கடல் மேடைக்குப் போகும் ஒவ்வொருவரும் உயிர்காப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். ஹெலிகாப்டரின் உட்பகுதியைப் போலச் செய்த ஒரு கூட்டுக்குள் இருக்கையில் வாரால் கட்டி உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கி, தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, வாரை அவிழ்த்து, சன்னலைத் தள்ளி வெளியேற வேண்டும். இதைப் பல முறை செய்து சான்று பெற்ற ஒருவர் காற்றாலைக்குப் போகும்போது, அங்கே வேறு அமைப்பின் சான்று கேட்கப்படுகிறது. கடலில் உயிர்பிழைப்பது, முதலுதவி, தீயணைப்பு எனப் பெரும்பகுதியை மறுபடியும் படிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தால் கட்டணம் பெரும்பாலும் அவர் பையிலிருந்துதான் போகிறது. இரு துறைகளின் அமைப்புகளும் சேர்ந்து ‘ஆற்றல் திறன் கடவுச்சீட்டு’ என்ற இணையச் சேவையை 2025 ஜனவரியில்தான் தொடங்கின. தேவை பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

வேலையின் தன்மையும் வேறுபடுகிறது. எண்ணெய் மேடை இருபது, முப்பது ஆண்டுகள் நாள் முழுவதும் ஆள் வைத்து இயங்கும்; காற்றாலைக்குக் கட்டும்போது நிறையப் பேர் வேண்டும், ஓடத் தொடங்கியபின் சிலர் போதும்.

அதே சமயம், எண்ணெய்த் தொழிலாளர் கொண்டுவரும் ஓர் அறிவை எவரும் குறைத்து மதிக்கக் கூடாது. 1988 ஜூலை 6 இரவு வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தனர். பழுதுபார்ப்பதற்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும் வேலை அனுமதிச் சீட்டு ஷிஃப்ட் மாறும்போது அடுத்த குழுவுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை இயக்கினார்கள். கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை 106 பரிந்துரைகளைத் தந்தது, தொழிலே மாறியது. அனுமதிச் சீட்டை ஒப்படைக்கும் அந்த ஒழுக்கம் ஹைட்ரஜன் ஆலைக்கும் கரியமில வாயுக் குழாய்க்கும் நாளை தேவைப்படும். அதைப் புத்தகத்தில் படித்தவர் வேறு, கையால் பழகியவர் வேறு.

கடலில் இத்தனை காற்றாலைகள் எழும்போது, உள்ளூரில் வேலை ஏன் அதற்கேற்பப் பெருகவில்லை?

தயாரிப்பு வேறு நாடுகளில் நடப்பதால். பீட்டர்ஹெட் ஊருக்கு அப்பால் 2017-இல் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் ஸ்காட்லாந்து உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. ஐந்து காற்றாலைகள், மொத்தம் 30 மெகாவாட். அவற்றின் மிதவைகள் ஸ்பெயினில் செய்யப்பட்டன. காற்றாலைகள் நார்வேயின் ஸ்டோர்டில் பொருத்தப்பட்டு, நின்ற நிலையிலேயே வட கடலைக் கடந்து இழுத்துவரப்பட்டன. நீருக்குள் எழுபது மீட்டருக்கும் மேல் இறங்கும் மிதவைகளுக்கு அலையடங்கிய ஆழமான நீர் வேண்டும், நார்வேயின் கடற்கழிகளில் அது இருந்தது என்பதை ஒரு காரணமாக ஏற்கலாம். ஆனால் ஆங்கஸ் கரைக்கு அப்பால் 114 காற்றாலைகளோடு நிற்கும் சீக்ரீன் பண்ணையின் எஃகு அடித்தளங்கள் சீனாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் செய்யப்பட்டவை. அதே காலத்தில், ஃபைஃப் பகுதியில் எண்ணெய் மேடைகள் கட்டிப் பெயர் பெற்ற பைஃபேப் நிறுவனம் ஒப்பந்தம் கிடைக்காமல் 2020 டிசம்பரில் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

இதற்கு மூல காரணம் ஏல முறை. யார் குறைந்த விலையில் மின்சாரம் தருவாரோ அவருக்கே அரசின் விலை உறுதி என்று வைத்தால், நிறுவனம் எஃகை எங்கே மலிவாகச் செய்கிறார்களோ அங்கேதான் வாங்கும். அந்த விலையையும் மிகவும் இறுக்கியதால், 2023 ஏலத்தில் கடல் காற்றாலை நிறுவனம் ஒன்றுகூடப் பங்கேற்கவில்லை. இவற்றைக் கட்டும் யார்டுக்கு (கட்டுமானத் தளத்துக்கு) ஓர் ஆண்டு வேலை, இரண்டு ஆண்டு வெறுமை என்ற நிலையில் எவரும் புதிய பாரந்தூக்கியோ கூடமோ அமைக்க மாட்டார்கள்.

இப்போது சில மாற்றங்கள் தெரிகின்றன. உள்நாட்டு விநியோகத்தில் முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு ஏலத்தோடு சேர்த்து ஊக்கத்தொகை தரப்படுகிறது. வட ஸ்காட்லாந்தின் நிக் துறைமுகத்தில் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனம் கடலடி மின்கம்பித் தொழிற்சாலைக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியது. 1970-களில் எண்ணெய் மேடைகள் கட்டி, பிறகு பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்த ஆர்டர்சியர் யார்டு காற்றாலைத் துறைமுகமாகச் சீரமைக்கப்படுகிறது.

புதிய எண்ணெய் வயல்களுக்குத் தொடர்ந்து அனுமதி கொடுத்தால் வேலைகள் காப்பாற்றப்படாதா?

சில ஆண்டுகளுக்குச் சில வேலைகள் காப்பாற்றப்படும். ஷெட்லாந்துக்கு மேற்கே உள்ள ரோஸ்பேங்க் வயலுக்கு 2023 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. எண்ணெய் எரிக்கப்படும்போது வரும் உமிழ்வைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதற்காக, எடின்பரோ நீதிமன்றம் 2025 ஜனவரியில் அந்த அனுமதி சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு, புதிய ஆய்வு உரிமங்கள் இல்லை, ஏற்கெனவே உள்ள வயல்களை ஒட்டிய பகுதிகளில் எடுக்க இடம் உண்டு என்று நடுவழி ஒன்றை அறிவித்தது. இது நியாயமான முடிவு என்று கருதுகிறேன்: குழாயும் மேடையும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் எடுக்கும் எண்ணெய், மாற்றுத் தொழில் வரும்வரை ஆட்களைக் கையில் வைத்திருக்க உதவும். ஆனால் அந்த இடைவெளியில் மாற்றுத் தொழில் உண்மையிலேயே வர வேண்டும்.

கார்பன் சேமிப்பு எந்த அளவில் உள்ளது?

செயின்ட் ஃபெர்கஸ் எரிவாயு முனையத்தை மையமாகக் கொண்ட ஏகார்ன் திட்டம், தொழிற்சாலைகளின் கரியமில வாயுவைப் பழைய குழாய்கள் வழியே கடலடிப் பாறைக்குள் அனுப்ப முனைகிறது. பல ஆண்டுகள் தள்ளிப்போன பின் 2025-இல் வளர்ச்சி நிதி ஒதுக்கப்பட்டது. இறுதி முதலீட்டு முடிவுக்கு முன் அதை நம்பி எந்தத் தொழிலாளரும் திட்டமிடக் கூடாது.

பழைய மேடைகளைப் பிரித்தெடுப்பதில் வேலை உண்டா?

உண்டு, நிறைய உண்டு. வட கிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் 1998 உடன்பாட்டின்படி மேடைகளைக் கடலில் விட்டுவிட முடியாது. சில விதிவிலக்குகள் தவிர அகற்றியாக வேண்டும். 2017-இல் பிரென்ட் டெல்டாவின் 24,000 டன்னுக்கும் மேற்பட்ட மேற்பகுதியை ஒரே கப்பல் ஒரே தூக்கில் எடுத்தது. ஆனால் அது உடைக்கப்பட்டது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில். எடுக்கும் வேலை ஸ்காட்லாந்துக் கடலில் இருந்தாலும், அதை உடைக்கும் யார்டும் உள்ளூரில் இருந்தால்தான் கூலி ஊருக்குள் தங்கும்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்தன?

டென்மார்க்கின் எஸ்பியர் மீன்பிடித் துறைமுகமாக இருந்து, எண்ணெய்த் துறைமுகமாகி, 2002-இல் ஹார்ன்ஸ் ரெவ் காற்றாலைப் பண்ணை எழுந்ததிலிருந்து கடல் காற்றாலைத் துறைமுகமாக வளர்ந்தது. அந்நாடு 2050-க்குள் எண்ணெய் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2020 டிசம்பரில்தான் அறிவித்தது. அதாவது, புதிய தொழில் வேரூன்றிப் பதினெட்டு ஆண்டுகள் ஆனபின் பழைய தொழிலுக்கு நாள் குறித்தது. கிரேஞ்ச்மவுத்தில் இந்த வரிசை தலைகீழாயிற்று.

நார்வே வேறு வகை. அது எண்ணெய் எடுப்பதை நிறுத்தவில்லை, வருமானத்தைச் சேமித்தது. 1990-இல் சட்டம் இயற்றி, 1996-இல் முதல் தொகையைப் போட்ட அதன் நிதியம் இன்று உலகின் மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதியம். பிரிட்டன் அப்படியொரு நிதியத்தைத் தொடங்கவே இல்லை. வட கடல் வரி பொதுச் செலவிலும் வரிக் குறைப்பிலும் கரைந்தது. மாற்றத்துக்குப் பணம் எங்கே என்று இன்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வருகிறது, வருத்தமும் கூடவே வருகிறது.

அரசுகள் இதுவரை என்ன செய்துள்ளன?

ஸ்காட்லாந்து அரசு வடகிழக்குப் பகுதிக்கும் மோரேவுக்கும் பத்து ஆண்டுகளில் 50 கோடி பவுண்டு தருவதாக 2021-இல் அறிவித்தது. கிரேஞ்ச்மவுத்துக்கு 20 கோடி பவுண்டு முதலீடு தருவதாக பிரிட்டன் அரசு 2025 பிப்ரவரியில் சொன்னது. தனியார் முதலீட்டாளர் முன்வந்தால்தான் அது வெளியே வரும். 2025 டிசம்பரில், அதே ஊரில் உள்ள எத்திலீன் ஆலையையும் அதன் 500-க்கும் மேற்பட்ட வேலைகளையும் காக்க 12 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அபர்டீனில் தலைமையகம் கொண்ட ‘கிரேட் பிரிட்டிஷ் எனர்ஜி’ என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே ஆயிரம் வேலைகள் என்ற இலக்கை எட்ட 20 ஆண்டுகள்கூட ஆகலாம் என்று அதன் தலைவர் யூர்கன் மையர் 2025-இல் கூறியபோது ஊரில் ஏமாற்றம் எழுந்தது இயல்பே.

ஷெட்லாந்தை ஏன் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்?

எண்ணெய் நிறுவனங்களோடு பேரம் பேசி வென்ற சிறிய ஊராட்சி என்பதால். 1974-இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் ஒன்றைப் பெற்று, துறைமுகத்தின் மீதும் நிலத்தின் மீதும் அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்ட அந்தத் தீவு மன்றம், தீவு வாழ்க்கைக்கு நேரும் இடையூறுக்கு ஈடாக நிறுவனங்களிடமிருந்து பணம் பெற்றது. அந்தப் பணத்தில் 1976-இல் தொடங்கிய அறக்கட்டளை, முதியோர் பராமரிப்பு, விளையாட்டு மையங்கள், கலை எனப் பலவற்றுக்கும் இன்றுவரை செலவிடுகிறது.

இப்போது அங்கே 103 காற்றாலைகள் கொண்ட, 443 மெகாவாட் திறனுள்ள வைக்கிங் பண்ணை 2024 முதல் இயங்குகிறது. நிலத்தில் அமையும் காற்றாலைகளுக்கு மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண்டு ஊருக்குத் தர வேண்டும் என்பது ஸ்காட்லாந்து அரசின் பரிந்துரை; அந்தக் கணக்கில் வைக்கிங்கிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பவுண்டு வரும். கடல் காற்றாலைக்கு இப்படி ஒரு தொகை நிர்ணயிக்கப்படவில்லை. கடல் காற்றாலைகளுக்குக் கடற்பரப்பை விட்ட ஸ்காட்விண்ட் குத்தகையில் கிடைத்த 75 கோடிக்கும் மேற்பட்ட பவுண்டு ஸ்காட்லாந்து அரசின் கைக்குப் போனது, கரையோர ஊர்களுக்கு நேராகப் போகவில்லை. அந்தக் குத்தகையில் உள்ள பண்ணைகளில் பெரும்பாலானவற்றின் கட்டுமானம் இன்னும் தொடங்கவில்லை என்பதால், ஊர்களுக்கான பங்கை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. ஷெட்லாந்து மன்றம் தன் சட்டத்தைப் பெற்றது 1974-இல். சல்லம் வோவுக்கு முதல் எண்ணெய் வந்து சேர்ந்தது 1978-இல்.